முற்றமும் மனரம்மியமும்

நம் நாட்டிற்குப் பருவங்கள் இல்லை என்று கூறுவது வழக்கம். நிலநடுக்கோட்டை அடுத்து அமைந்த மலேசியாவில் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. மேலைநாடுகளில் காணும் இலையுதிர் காலமும் இளவேனிலும் இங்கில்லை என்றே மாணவர்க்குக் கற்பிக்கிறோம். தட்பவெப்பத்தை மட்டும் கருதினால் அது உண்மையே. ஆயினும் பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்து பழகியவர் அதனை முழுதும் ஒப்புக்கொள்ள மாட்டார். தோட்டத்து மக்களுக்கு ஓர் இலையுதிர் காலம் உண்டு. அதனைத் தொடர்ந்து ஓர் இளவேனிலும் உண்டு. இரண்டையும் தருவது ரப்பர் மரம்.

ஆண்டின் முதல் மாதங்களில் மழை குறைந்து வறட்சி தலைகாட்டும்போது பால்மரங்களின் நிறம் மாறத் தொடங்கும். கரும்பச்சை வெளுத்து மஞ்சளாகும். மஞ்சள் சிவந்து செம்பின் நிறம் கொள்ளும். ஒரு காம்பில் மும்மூன்றாய் அமைந்த சிற்றிலைகள் காற்றில்லாத வேளையிலும் கழன்று, சுழன்று, மெல்ல இறங்கும். சில வாரங்களில் காடு முழுவதும் மொட்டையாகிவிடும். பகலிலும் நிழல் படிந்து கிடக்கும் நிரைகளுக்கு இடையே அப்பொழுதுதான் வானம் தெரியும். வெயில் தரையைத் தொடும். பின்னர்க் கிளைகளின் நுனியில் தளிர்கள் தோன்றும். செம்பழுப்பு நிறமும் ஈரப் பளபளப்பும் கொண்ட அத்தளிர்கள் பிறந்த குழந்தையின் விரல்களைப் போலத் தளர்ந்து தொங்கும். அவற்றோடு வெளிர்மஞ்சள் நிறச் சிறுபூக்களும் மலர்ந்து தோட்டமெங்கும் மணம் பரப்பும். ஐந்தாறு மாதங்கள் கழிந்தபின் நண்பகல் வெயிலில் காய்கள் பட்டென வெடித்துக் கொட்டைகளைச் சிதறும். அக்கொட்டையைக் கல்லில் தேய்த்துச் சூடேற்றி, அருகில் இருப்பவன் கையில் வைத்து, அவன் துள்ளுவதைக் கண்டு சிரித்த இளமை நாட்களை நம்முள் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

இம்மரம் நம் மண்ணில் தோன்றியதன்று. அமேசான் காடுகளே அதன் தாயகம். 1876ஆம் ஆண்டில் அதன் விதைகள் அங்கிருந்து இலண்டன் மாநகரின் கியூ தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அத்தலைமுறையைச் சேர்ந்த முதுமரம் ஒன்று அவ்வூரில் இன்றும் போற்றிக் காக்கப்படுகிறது. நம் முன்னோரைப் போலவே கடல் கடந்து வந்த மரம் இது. வந்த இடத்தில் வேரூன்றியது; எனினும் ஆண்டுக்கு ஒருமுறை இலை உதிர்க்கும் தன் பிறவி வழக்கத்தைக் கைவிடவில்லை.

தொலைவில் நின்று காண்பார்க்கு இது கண்கொள்ளாக் காட்சி. அதன் அடியில் குடியிருப்பார்க்கோ இது பெருவேலை. பேராக் மாநிலத்துத் தோட்டப்பள்ளி ஒன்றில் தலைமையாசிரியனாகப் பணியாற்றும் எனக்குத் தோட்ட நிருவாகம் தந்த பழைய பலகை வீடு ஒன்று உண்டு. அதன் மூன்று புறமும் பால்மரங்கள். நான்காவது புறம் பள்ளித் திடல். முற்றம் பெரிது. இலையுதிரும் நாட்களில் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்தாக வேண்டும். ஒரு மூலையில் தொடங்கி மறுமூலையை அடைந்து திரும்பிப் பார்த்தால், தொடங்கிய இடத்தில் புதிதாக நாற்பது இலைகள் கிடக்கும். கிளையில் இருக்கும்போது பொன் என்று வியந்த இலையைத் தரையில் விழுந்ததும் குப்பை என்கிறோம். இலை மாறவில்லை. குனிய வேண்டியவன் நான் என்பதே மாறியது!

இலையோடு வேலை முடிவதில்லை. மழை திரும்பியதும் லாலான் புல் தலையெடுக்கும். வெட்டிய புல்லின் வேர் மண்ணுக்குள் படர்ந்து கிடந்து, இரண்டு வாரங்களில் மீண்டும் முளைவிடும். கால்வாயில் இலைகள் அடைத்து நீர் தேங்கும். அத்தேக்கத்தில் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். கவிழ்த்து வைக்க மறந்த ஒரு பால் மங்கில் உள்ள நீரே அதற்குப் போதுமானது. ஆகவே வாரம் ஒருமுறையேனும் சுற்றுப்புறம் முழுவதையும் பார்வையிடுதல் கடமையாகிறது. உயர்ந்த புல்லில் பாம்பு தங்கும். பக்கத்திலே பிள்ளைகள் ஓடியாடும் திடல் உள்ளது. முன்னாட்களில் மாலைதோறும் இலைக்குவியல்கள் லயங்களின் முன்னே புகைந்துகொண்டிருக்கும். திறந்தவெளியில் எரிப்பதை இன்று சட்டம் தடுக்கிறது, அது நன்மையே. குவித்த இலைகளை வாழைகளின் அடியில் சேர்த்துவிடுகிறேன். மழை பெய்யப் பெய்ய அவை மக்கி எருவாகின்றன.

இவ்வழகைப் பற்றிப் பேசும்போது மற்றோர் உண்மையையும் மறைத்தல் ஆகாது. தலைமையாசிரியர் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து இலைகளின் வண்ணத்தைக் கண்டு மகிழும் அந்நாட்களே மரம் வெட்டும் தொழிலாளர்க்கு மெலிந்த நாட்கள். இலை இழந்து தளிர்விடும் காலத்தில் மரத்தின் ஆற்றல் தளிருக்கே செல்லும், பால் குறையும். பால் குறைந்தால் வருமானம் குறையும். தளிர் விடும் வேளையில் ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பற்றித் தளிரும் உதிரும். அப்பொழுது துன்பம் நீளும். என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அம்மாதங்களில் சிற்றுண்டிக் காசின்றி வருவதைக் கண்டிருக்கிறேன். ஒருவன் கண்ணுக்கு விருந்தாவது மற்றொருவன் வயிற்றுக்குப் பஞ்சமாவதும் இவ்வுலகில் உண்டு. மனநிறைவைப் பற்றி எழுதப் புகுவோன் இதனை மறந்து எழுதுவானாயின் அவன் எழுத்தில் உண்மை இராது.

எங்கள் பள்ளிக்கு அடுத்த லயத்தில் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். நாற்பதாண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். விடியற்காலையில் தம் வாயிலைப் பெருக்கி, நீர் தெளித்து, கோலமிடுவார். கோலம் முடிவதற்குள் அதன்மேல் இலை விழும். அவர் அதை எடுத்து அப்புறம் இட்டுவிட்டு அடுத்த புள்ளியை வைப்பார். ஒருநாள் அவரிடம், “பெருக்கப் பெருக்க விழுகிறதே, பாட்டி; சலிப்பாக இல்லையா?” என்று கேட்டேன். அவர் தலை நிமிராமலே, “இலை விழுந்தாத்தாங்க வாத்தியாரையா மரம் உசுரோட இருக்குன்னு அர்த்தம். விழலேன்னாதான் கவலைப்படணும்” என்றார். அவர் முருகப்பெருமானை வணங்குபவர்; நான் கிறித்தவன். ஆயினும் அன்று காலை எனக்குக் கிடைத்த திருமறை விளக்கம் அவருடைய வாயிலிருந்து வந்ததாகவே கருதுகிறேன்.

திருமறையின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் என் உள்ளத்தைக் கவர்ந்த சொல் ஒன்று உண்டு. பவுலடியார் பிலிப்பி நகரத்துத் திருச்சபைக்குச் சிறையிலிருந்து கடிதம் எழுதுகிறார். நிறைவிலும் குறைவிலும், உண்ட நாளிலும் பசித்த நாளிலும், எந்நிலையில் இருப்பினும் அந்நிலையில் உள்ளம் அமைந்திருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக அதில் கூறுகிறார். கிரேக்க மூலத்தில் அவர் ஆண்ட சொல் தன்னிறைவைக் குறிப்பது. பிறரையும் பிறவற்றையும் சாராது தன்னுள்ளே தான் நிறைந்திருக்கும் நிலையை அக்காலத்துத் தத்துவ அறிஞர்கள் அச்சொல்லால் சுட்டினர். பவுலடியாரோ அவ்வாற்றல் தம்முடையதன்று, தம்மைத் தாங்கும் கிறித்துவினுடையது என்று உடனே சேர்த்துக் கூறுகிறார். அச்சொல்லைத் தமிழாக்கிய பெரியோர் அதற்கு ‘மனரம்மியம்’ என்று பெயரிட்டனர்.

தமிழாசிரியர்களாகிய நாம் இச்சொல்லைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ரம்மியம் என்பது அழகு. கண்ணுக்கினிய காட்சியைக் கண்டால் ரம்மியமாக இருக்கிறது என்கிறோம். மலையும் அருவியும் மாலை வானமும் ரம்மியமானவை. மொழிபெயர்ப்பாளர் அவ்வழகை வெளியிலிருந்து எடுத்து உள்ளத்தில் வைத்தார். காட்சி ரம்மியமாக இருக்கும்போது மகிழ்தல் எவர்க்கும் எளிது. மரம் மொட்டையாகி முற்றம் குப்பையாகும்போது மனம் ரம்மியமாக இருத்தல் அரிது. ‘போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து’ என்னும் நம் பழமொழியும் மனத்தையே மருந்தாகக் கூறுகிறது.

அவ்வரிய நிலை பிறவியிலேயே வாய்த்ததாகப் பவுலடியார் கூறவில்லை, கற்றுக்கொண்டேன் என்கிறார். ஆசிரியன் காதில் இச்சொல் விழுந்தால் அவன் நிமிர்ந்து உட்காரத்தான் வேண்டும். கற்கத் தகுவது எனின், அதற்குப் பாடம் உண்டு, பயிற்சி உண்டு, மறத்தலும் மீண்டும் படித்தலும் உண்டு. கற்றல் ஒருநாளில் முடிவதன்று. ஆண்டுதோறும் முதலாம் வகுப்பில் புதிய பிள்ளைகள் வந்து அமர்கிறார்கள். அவர்களுக்கு ‘அ’ எழுதத் தெரியாது. சென்ற ஆண்டுதானே கற்பித்தோம், மீண்டும் தெரியவில்லையே என்று எந்த ஆசிரியரும் சினப்பதில்லை. கையைப் பிடித்துச் சுழித்து எழுதக் காட்டுகிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நானும் அவ்வாறே செய்து வருகிறேன். முற்றத்தில் மீண்டும் விழும் இலையும் முதலாம் வகுப்பில் வந்து அமரும் பிள்ளையும் ஓரினம் என்று ஒருநாள் தோன்றியது. அன்றுமுதல் விளக்குமாறு சிறிது இலகுவாயிற்று. முடித்துவிட வேண்டும் என்று பெருக்கினால் ஒவ்வோர் இலையும் பகையாகும். இன்றைக்குரிய இலையை இன்று பெருக்குவோம் என்று தொடங்கினால் கையும் மூச்சும் ஒரு தாளத்திற்கு வந்துவிடும். அத்தாளத்தினூடே இறைவனை நினைத்தலும் கூடும்.

உழைப்பே சாபம் என்று எண்ணுவாரும் உளர். தொடக்கநூலைப் பொறுமையுடன் படித்தால் இவ்வெண்ணம் நீங்கும். முள்ளும் குருக்கும் முளைக்கும், வேர்வை சிந்தி உண்பாய் என்னும் கருத்து மனிதன் கட்டளையை மீறிய பின்னரே வருகிறது. அதற்கு முன்னரே, எக்குறையும் இல்லாத ஏதேன் தோட்டத்தில், அதனைப் பண்படுத்திக் காக்கும் பணி மனிதனிடம் ஒப்படைக்கப்பட்டது. சலிப்பு பின்னர் வந்தது. பணி முன்னரே இருந்தது. உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் கண்ட மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று எண்ணியதாக யோவான் எழுதுகிறார். அதனைப் படிக்கும்போதெல்லாம் என் உள்ளம் கனியும். தோட்டக்காரராகத் தோற்றமளிப்பது ஆண்டவர்க்கே இழிவாகவில்லை எனின், தலைமையாசிரியர்க்கு அது எங்ஙனம் இழிவாகும்?

இக்காரணத்தாலேயே எங்கள் பள்ளியில் பெருக்குதலைத் தண்டனையாக்குவதில்லை. வீட்டுப்பாடம் செய்யாத மாணவனைத் திடலைக் கூட்டச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அம்மாணவன் அன்று வீட்டுப்பாடத்தின் அருமையை அறியான். துப்புரவுப் பணி குற்றவாளிக்கு உரியது என்பதையே அறிந்து வீடு திரும்புவான். அவன் தாயும் தந்தையும் அத்தகைய பணியால்தான் அவனுக்குச் சோறிடுகிறார்கள் என்பதை நாம் மறக்கலாமா? எங்கள் பள்ளியில் வகுப்புவாரியாக நாள் வகுத்து அனைவரும் பெருக்குகிறோம். ஆசிரியர்க்கும் நாள் உண்டு. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு வாய்த்த விரிவுரையாளர் ஒருவர், வகுப்பறைக்குள் நுழைந்ததும் முதலில் தரையைப் பார், பிறகு பிள்ளைகளின் முகத்தைப் பார், அதன்பின் பாடநூலைத் திற என்பார். அவ்வரிசையின் பொருள் இப்பொழுது நன்கு விளங்குகிறது.

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. மனரம்மியம் என்று கூறிக் குறையை எல்லாம் பொறுத்துக்கொள்ளச் சொல்வது ஏழையை ஏமாற்றுவதாகாதா? தோட்டப்புறத்தில் இக்கேள்வி மிகக் கூர்மையானது. ‘கிடைத்தது போதும்’ என்னும் அறிவுரையை மிகுதியாகப் பெற்றவர்கள் கொடுப்போர் அல்லர், கொள்வோரே. இதற்கும் பவுலடியாரின் வாழ்விலேயே விடை உண்டு. பின்னாளில் எந்த நகரத்தார்க்கு மனரம்மியத்தைப் பற்றி எழுதினாரோ, அதே பிலிப்பி நகரில் அவர் முன்பு விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையில் இடப்பட்டார். மறுநாள் அதிகாரிகள் அவரை ஓசையின்றி வெளியேறிவிடச் சொன்னபோது அவர் இணங்கவில்லை. தாம் உரோமைக் குடிமகன் என்பதை எடுத்துரைத்து, அவர்களே நேரில் வந்து தம்மை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்று நின்றார். அவர்களும் வந்தார்கள். உள்ளத்தில் அமைதியுடையவர் உரிமையை விட்டுக்கொடுப்பவர் அல்லர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மனரம்மியம் ஒருவன் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் பாடம். பிறன் பசிக்கு எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டன்று. எங்கள் பள்ளிக் கூரை ஒழுகியபோது, பிள்ளைகளே, உள்ளதைக் கொண்டு நிறைவு கொள்ளுங்கள் என்று நான் கூறவில்லை. உரிய இடத்திற்குக் கடிதம் எழுதினேன். விடை வராதபோது மீண்டும் எழுதினேன். ஏழாவது கடிதத்திற்குப் பின் கூரை மாறியது. ஏழு கடிதங்களையும் கசப்பின்றி எழுத முடிந்ததற்கு முற்றத்துப் பயிற்சியே துணைநின்றது.

பால்மரம் இலை உதிர்க்கும் நாட்களிலேயே பெரும்பாலும் லெந்து நாட்களும் வருகின்றன. சாம்பற்புதனன்று நெற்றியில் இடும் சாம்பல், மண்ணுக்குத் திரும்ப வேண்டியவன் நீ என்று மனிதனுக்கு நினைவூட்டுவது. அன்று ஆலயத்திலிருந்து வீடு திரும்பினால் முற்றமும் அதனையே கூறும். உயிர்ப்புத் திருநாள் மார்ச்சு 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் மரங்கள் தளிர்விட்டிருக்கும். லெந்து என்னும் பெயரே இளவேனிலைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். இளவேனில் இல்லாத நாட்டில் வாழும் கிறித்தவர்க்கு அப்பெயரின் பொருளைக் கண்ணெதிரே காட்டுவது பால்மரம் ஒன்றே. நான்காண்டுகளுக்கு முன் ஒரு லெந்து நாளில் என் துணைவியார் மறைந்தார். அவ்வாண்டு உதிர்ந்த இலைகளை நான் எவ்வாறு பெருக்கினேன் என்பதை விரித்துரைக்க இயலாது. நாள்தோறும் பெருக்கினேன் என்பதை மட்டும் கூறுவேன். துயரம் மிகுந்த வேளையில் செய்வதற்கு ஒரு சிறுபணி இருத்தல் இறைவன் தரும் இரக்கங்களுள் ஒன்று. திருநாளன்று அதிகாலையில் தளிர்களைக் கண்டபோது துயரம் நீங்கிவிடவில்லை. ஆயினும் துயரத்தின் பக்கத்திலே அமர்வதற்கு நன்றியுணர்வுக்கும் இடம் கிடைத்தது.

இம்மரங்களும் நெடுநாள் இரா. மரங்கள் முதுமையடைந்து பால் குறைந்துவிட்டதால் அடுத்த ஆண்டு அவற்றை வெட்டிச் செம்பனை நடப்போவதாக நிருவாகம் அறிவித்துள்ளது. 1960களிலிருந்தே நாட்டின் பல தோட்டங்கள் இவ்வாறு மாறி வந்துள்ளன. மரங்கள் மட்டுமா குறைந்தன? 1957இல் எண்ணூற்றுக்கு மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமே. எங்கள் பள்ளியில் இப்பொழுது பயில்வோர் இருபத்தேழு பிள்ளைகள். செம்பனை பால்மரத்தைப் போல ஒருசேர இலை உதிர்ப்பதில்லை. மட்டைகளை வெட்டியே அகற்றுவார்கள். ஆகவே என் முற்றம் தூய்மையாகவே இருக்கும். எனக்கும் பணி ஓய்வுக்கு மூன்றாண்டுகளே உள்ளன. “அப்பா, கோலாலம்பூருக்கு வந்துவிடுங்கள், அடுக்குமாடியில் ஓர் இலைகூட விழாது” என்று என் மகள் அழைக்கிறாள். அவள் அன்பு பெரிது. நான் செல்வேன்.

சலிப்பூட்டிய அவ்வேலை இல்லாமற் போகும் நாளை எண்ணும்போது நெஞ்சில் ஒரு வெறுமை தோன்றுவது உண்மை. ஆனால் பவுலடியார் மனரம்மியத்தை எந்த ஊருக்கும் எந்த முற்றத்திற்கும் உரிமையாக்கவில்லை. எந்நிலையிலும் என்றே கூறினார். மரங்கள் நிற்கும்வரை பாடம் நடக்கிறது; அவை வீழ்ந்தபின் தேர்வு வரும். பதினான்காவது மாடியில், இலை விழாத வீட்டில், அத்தேர்வை நான் எழுத வேண்டியிருக்கும். அங்கும் கழுவ வேண்டிய பாத்திரமும் துடைக்க வேண்டிய தரையும் எழுத்தறிவிக்க வேண்டிய பேரக்குழந்தையும் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆசிரிய நண்பர்களே, மாணவச் செல்வங்களே! உங்கள் பள்ளி வாயிலிலும் ஏதேனும் ஒரு மரம் நிற்கும். அதன் அழகைப் பற்றிக் கட்டுரை எழுதுங்கள், அவ்வெழுத்து நன்று. எழுதிய பின்னர் அதன் அடியில் கிடக்கும் இலைகளையும் ஒருமுறை பெருக்குங்கள். நாளையும் அவை விழும். நாளையும் பெருக்குங்கள்.